மேசையிலிருந்து காணாமல் போன மனிதர்கள்

ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யைப் படித்தவர்களுக்கு நடுவில் வரும் அத்தியாயங்கள் மங்கிப் போயிருக்கலாம். கடைசிக் காட்சி மறந்திருக்காது. பண்ணை வீட்டுக்குள் ஒரு நீள மேசை. அதைச் சுற்றி ஆறு பன்றிகள், ஆறு மனிதர்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் பில்கிங்டன் எழுந்து பன்றிகளைப் பாராட்டுகிறார்: இந்த வட்டாரத்திலேயே உங்கள் பண்ணையில்தான் விலங்குகள் அதிகம் உழைத்துக் குறைவாகத் தின்கின்றன என்று. கோப்பைகள் உயர்கின்றன, சீட்டாட்டம் தொடங்குகிறது. நெப்போலியனும் பில்கிங்டனும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு இஸ்பேட் ஆஸை இறக்க, சண்டை வெடிக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் விலங்குகள் ஒவ்வொரு முகமாகப் பார்க்கின்றன. எது பன்றி, எது மனிதன் என்று அவற்றால் சொல்ல முடியவில்லை. கதை அத்தோடு முடிந்துவிடுகிறது.

1954இல் இந்த நாவல் கார்ட்டூன் படமாக வந்தது. லண்டனில் ஸ்டுடியோ நடத்திய ஜான் ஹாலஸ், ஜாய் பாட்செலர் தம்பதி இயக்கியது. தயாரிப்பாளர் லூயி டி ரோச்மான்ட் அமெரிக்கர். திரையரங்குகளில் பரவலாக ஓடிய முதல் பிரிட்டிஷ் முழுநீள அனிமேஷன் படம் என்று சினிமா வரலாற்றில் இதற்கு ஓர் இடம் உண்டு. அந்தப் படத்திலும் கடைசியில் மேசை இருக்கிறது, விருந்து இருக்கிறது, பன்றிகள் இருக்கின்றன. ஆனால் அந்த ஆறு மனிதர்களைக் காணோம். வந்திருக்கும் விருந்தாளிகளும் பன்றிகள்தான். பெஞ்சமின் என்ற கழுதை ஜன்னல் வழியே பார்க்கிறது. பன்றிகளின் முகங்கள் பழைய முதலாளி ஜோன்ஸின் முகமாக அதற்குத் தெரிகின்றன. அப்புறம் விலங்குகள் திரண்டு வந்து வீட்டை இடித்துக்கொண்டு உள்ளே பாய்கின்றன. சுபம்.

அந்த ஆறு பேரை மேசையிலிருந்து எழுப்பி அனுப்பியது யார், ஏன்? நான் இங்கே பேச வருவது இதை மட்டும்தான். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இரண்டு நட்பு அரசாங்கங்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கதையைக் கையில் எடுத்தால் அதற்கு என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

முதல் கூட்டணி

அந்த விருந்துக் காட்சி எங்கிருந்து வந்தது என்று ஆர்வெல்லே சொல்லியிருக்கிறார். 1947இல் வந்த உக்ரேனிய மொழிபெயர்ப்புக்கு அவர் ஒரு முன்னுரை எழுதினார். பன்றிகளும் மனிதர்களும் கடைசியில் சமாதானமாகிவிட்டதாகச் சிலர் படிக்கிறார்கள், என் நோக்கம் அதுவல்ல, பெரிய சச்சரவில்தான் கதையை முடித்தேன் என்கிறார். காரணம், டெஹ்ரான் மாநாடு. 1943 நவம்பர் 28 முதல் டிசம்பர் 1 வரை ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் முதன்முறையாக ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். இனி எல்லாம் சுமுகம் என்று உலகமே நம்பியது. ஆர்வெல் நம்பவில்லை.

ஆக, அந்தக் காட்சியின் அசல் பொருள் நட்பு நாடுகளின் விருந்து. அதில் பன்றிகளுக்கு இருக்கும் பங்கு எதிரே உட்கார்ந்திருக்கும் கனவான்களுக்கும் உண்டு.

ஆர்வெல் இதை எழுதியபோது வெளியிலிருந்து வேடிக்கை பார்த்த ஆள் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1941 ஆகஸ்டிலிருந்து 1943 நவம்பர் வரை அவர் பிபிசியின் கிழக்குப் பிரிவில் இந்தியாவுக்கான ஒலிபரப்பில் வேலை பார்த்தார். போர்ச் செய்தி மடல்களை ஆங்கிலத்தில் எழுதுவார். அவற்றை மொழிபெயர்த்து வாசிப்பார்கள். குஜராத்தி, மராத்தி, வங்காளம், கூடவே தமிழ். அவருடைய போர்க்காலப் பிரச்சார உரைநடை, 'விலங்குப் பண்ணை'க்கு முன்பே வானொலி வழியாகத் தமிழில் ஒலித்துவிட்டது. என்ன சொல்லலாம், நட்பு நாட்டைப் பற்றி என்ன சொல்லக் கூடாது என்று இரண்டு வருஷத்துக்கு மேல் தணிக்கைக்கு உட்பட்டு எழுதிய மனிதர் அந்த வேலையை விட்ட கையோடு உட்கார்ந்து எழுதிய கதை இது. 1944 பிப்ரவரியில் முடித்துவிட்டார்.

பதிப்பிக்கத்தான் ஆளில்லை. விக்டர் கோலன்ஸ் மறுத்தார். ஜொனாதன் கேப் முதலில் சரி என்றார். பிறகு பிரிட்டனின் தகவல் அமைச்சகத்தில் ஒரு முக்கிய அதிகாரியிடம் பேசிவிட்டுப் பின்வாங்கினார். ரஷ்யா அப்போது நட்பு நாடு, இந்த நேரத்தில் இது சரிவராது. அதிலும் ஆளும் வர்க்கமாகப் பன்றிகளை வைத்திருப்பது ரொம்பவே மனதைப் புண்படுத்தும், வேறு விலங்கு ஏதாவது இருந்தால் பரவாயில்லை என்று கேப்பின் கடிதம் போகிறது. அந்த அதிகாரி பீட்டர் ஸ்மாலெட் என்பவராக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அமைச்சகத்தில் சோவியத் விவகாரங்களைக் கவனித்தவர் அவர். பின்னாளில் சோவியத் உளவாளி என்றும் அடையாளம் காணப்பட்டார்! ஃபேபர் நிறுவனத்திலிருந்து டி.எஸ். எலியட்டும் 1944 ஜூலையில் மறுத்துக் கடிதம் எழுதினார். அவருக்கு வேறு மாதிரியான சிக்கல். பன்றிகள்தானே அங்கே புத்திசாலிகள், பண்ணையை நடத்தத் தகுதியானவை. தேவைப்பட்டது பொதுநல உணர்வுள்ள பன்றிகள்தான் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. நவீனக் கவிதையின் மகாகவி இப்படி ஒரு வாசிப்பைச் செய்தார் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

கடைசியில் 1945 ஆகஸ்ட் 17 அன்று செக்கர் அண்ட் வார்பர்க் வெளியிட்டது. ஐரோப்பாவில் போர் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

கூட்டணியின் நிழல் அப்போதும் விலகவில்லை. முன்னுரை பற்றிச் சொன்னேனே, அந்த உக்ரேனியப் பதிப்பு ஜெர்மனியில் அகதி முகாம்களில் இருந்த உக்ரேனியர்களுக்காக வந்தது. ஆர்வெல் காசு வாங்கிக்கொள்ளவில்லை. அதில் ஏறக்குறைய 2000 பிரதிகள் போய்ச் சேர்ந்தன. மிச்சமிருந்த 1500ஐ மியூனிக்கில் அமெரிக்க ராணுவ அதிகாரிகள் பறிமுதல் செய்து சோவியத் அதிகாரிகளிடமே ஒப்படைத்துவிட்டார்கள். 1947 செப்டம்பரில் ஆர்தர் கோஸ்லருக்கு எழுதிய கடிதத்தில் ஆர்வெல் இதைக் குறிப்பிடுகிறார். அமெரிக்கா இந்தப் புத்தகத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவதற்கு நாலு வருஷம் முன்பு நடந்தது இது.

இரண்டாம் கூட்டணி

1948 ஜனவரியில் பிரிட்டனின் தொழிற்கட்சி அரசு வெளியுறவு அமைச்சகத்துக்குள் ஒரு ரகசியப் பிரிவைத் தொடங்கியது. பெயர் தகவல் ஆய்வுத் துறை. பெயரைக் கேட்டால் ஏதோ நூலகம் மாதிரி இருக்கும். கம்யூனிச எதிர்ப்புச் செய்திகளைத் தயாரித்து, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பத்திரிகைகளுக்கும் தலைவர்களுக்கும் கொடுப்பதுதான் வேலை. 1977இல் மூடப்படும்வரை இப்படி ஒன்று இருப்பதே பொதுமக்களுக்குத் தெரியாது.

இதன் தொடக்க காலக் கொள்கையில் ஒரு சுவாரசியமான விஷயம் உண்டு. வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின் அமைச்சரவையின் முன்வைத்த குறிப்பு கம்யூனிசத்தை மட்டும் எதிர்க்கச் சொல்லவில்லை. கட்டுப்பாடற்ற அமெரிக்க முதலாளித்துவத்துக்கும் நாங்கள் மாற்று என்று பிரிட்டன் பேச வேண்டும், இரண்டுக்கும் நடுவே சமூக ஜனநாயகம் என்ற மூன்றாவது சக்தியாக நிற்க வேண்டும் என்றது. கொஞ்ச காலம்தான். பனிப்போர் இறுகியது, அமெரிக்கப் பணமும் ராணுவமும் இல்லாமல் பிரிட்டனால் முடியாது என்றானது. இரண்டு நாடுகளின் உளவியல் போர்ப் பிரிவுகளும் நெருங்கி வந்து தகவல்களையும் திட்டங்களையும் பகிர்ந்துகொள்ளத் தொடங்கின. முதலாளித்துவத்தை விமர்சிக்கும் அந்தப் பாதி சத்தமில்லாமல் கைவிடப்பட்டது.

இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொள்கையில் எந்தப் பாதி விழுந்ததோ, அதே பாதிதான் பிறகு கதையிலும் விழப்போகிறது.

தகவல் ஆய்வுத் துறை 'விலங்குப் பண்ணை'யை வேகமாகக் கையில் எடுத்தது. மொழிபெயர்ப்புகளுக்கு உதவியது, சித்திரத் தொடராக வரைய வைத்துப் பல நாட்டு நாளிதழ்களுக்கு அனுப்பியது. அரபு மொழிபெயர்ப்பு பற்றிக் கெய்ரோவிலிருந்த ஒரு பிரிட்டிஷ் அதிகாரி உற்சாகமாக எழுதினார்: கதையில் வில்லன்கள் பன்றியும் நாயும், முஸ்லிம்களுக்கு இரண்டுமே அசுத்தம், எனவே நன்றாக எடுபடும் என்று. 1944இல் இதே அரசாங்கத்தைச் சேர்ந்தவரைக் கேட்டுவிட்டுத்தான் பதிப்பாளர் 'பன்றி வேண்டாமே' என்றார். ஐந்தாறு வருஷத்தில் அதே பன்றி விற்பனைச் சரக்காகிவிட்டது. இரண்டு தடவையும் அதிகாரிகள் படித்தது கதையை இல்லை, வாசகர்களின் கூச்சங்களை.

அமெரிக்கத் தரப்பில் 1951 ஏப்ரலில் டீன் ஆச்சிசனின் வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: உளவியல் தாக்குதலில் 'விலங்குப் பண்ணை'யும் '1984'உம் மதிப்பு மிக்கவை, மொழிபெயர்ப்புகளுக்கு வழி செய்யலாம் என்று. படத்துக்கான உரிமை ஆர்வெல்லின் மனைவி சோனியாவிடமிருந்து வாங்கப்பட்டது. ஆர்வெல் 1950 ஜனவரி 21 அன்றே இறந்துவிட்டார். படத்தின் பின்னால் இருந்த பணம் சிஐஏவுடையது. அதிலும் அதன் ரகசிய நடவடிக்கைப் பிரிவுடையது. அந்தப் பிரிவின் அதிகாரபூர்வப் பெயர் என்ன தெரியுமா? கொள்கை ஒருங்கிணைப்பு அலுவலகம். '1984' எழுதியவர் உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பெயரை ரசித்திருப்பார்.

ஒருங்கிணைப்பு என்னும் எடிட்டிங்

ஒருங்கிணைப்பு என்றால் யாரோ ஒரு ஜெனரல் மேசையைத் தட்டி உத்தரவு போடுவது என்று நினைக்கிறோம். இந்தப் படத்தின் கதை அப்படி இல்லை. டேனியல் லீப் என்ற வரலாற்றாசிரியர் 2007இல் வெளியிட்ட 'ஆர்வெல் சப்வர்ட்டட்' என்ற நூலில் திரைக்கதை எத்தனை கை மாறியது என்பதைத் தொடர்ந்து போய்ப் பார்க்கிறார். 'முதலீட்டாளர்கள்' என்ற பெயரில் குறிப்புகள் வருகின்றன. வாஷிங்டனில் உளவியல் உத்தி வாரியம் என்று ஒன்று. அங்கேயும் திரைக்கதையைப் படித்துவிட்டு, கருத்து குழப்பமாக இருக்கிறது, தாக்கம் தெளிவில்லை என்று குறைபட்டார்கள். எல்லாம் யோசனைகள்தான். இந்த ஆள் ரொம்ப நல்லவனாகத் தெரிகிறான், கொஞ்சம் மாற்றுங்களேன். முடிவு சோர்வாக இருக்கிறது, நம்பிக்கை தருகிற மாதிரி இருந்தால் நன்றாயிருக்குமே. நம்மூரில் கதை விவாதத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் பழகிய குரல்தான் இது.

அவர்களுக்குக் 'குழப்பமாக' இருந்தது எது? மேசையில் மனிதர்கள் இருந்ததுதான். பன்றி ஸ்டாலின் என்றால் அவரோடு கோப்பை உயர்த்துகிற பில்கிங்டன் யார்? படம் பார்க்கிறவன் அதைக் கேட்டுவிட்டால்? பணம் கொடுத்தவர் பில்கிங்டன் என்பதுதான் சிக்கல்.

படத்தைச் சும்மா குறை சொல்லக் கூடாது. மாரிஸ் டென்ஹாம் என்ற ஒரே நடிகர் அத்தனை விலங்குகளுக்கும் குரல் கொடுத்திருக்கிறார். பாக்ஸர் குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் இடம் இப்போது பார்த்தாலும் தொண்டையை அடைக்கிறது. டிஸ்னியின் பஞ்சு மிட்டாய் உலகத்திலிருந்து தள்ளி நின்று, சேறும் இருட்டுமாக ஒரு பண்ணையை வரைந்த தைரியத்துக்கு வணக்கம் வைக்கலாம்.

ஆனாலும் கடைசி ஐந்து நிமிஷம் எனக்கு ஒட்டவே இல்லை. அரசியலை ஒதுக்கி வைத்துவிட்டுக் கதைசொல்லலாக மட்டும் பார்த்தாலும் ஒட்டவில்லை. நாவலில் ஜன்னல் வழியே பார்ப்பது குளோவர் என்ற கிழட்டுப் பெண் குதிரை. மங்கிய கண். வாசிக்கத் தெரியாது. புரட்சியின்போது என்ன எதிர்பார்த்தோம் என்று மனதில் இருக்கிறது, அதைச் சொல்லச் சொல் இல்லை. கடைசிக் காட்சியை ஆர்வெல் அந்தக் கண்களிடம் கொடுத்தார். படத்தில் குளோவரே இல்லை. அந்த இடத்துக்கு வந்த பெஞ்சமின் நாவலில் எல்லாம் தெரிந்தும் எதுவும் செய்யாத கழுதை, படித்தவர்களின் உருவகம். படத்தில் அது போராட்டத் தலைவராகிவிடுகிறது. புரிந்துகொள்ளத் திணறும் ஒரு பார்வையின் இடத்தில் எல்லாம் புரிந்த தலைமை வந்து உட்காருகிறது.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. நாவல் விலங்குகளை ஒன்றைப் பார்க்க வைத்துவிட்டு நின்றுவிடுகிறது. பார்த்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது நம் தலையில் விழுகிறது. பிரச்சாரத்துக்கு அது கட்டுப்படியாகாது. பார்த்தவன் என்ன செய்ய வேண்டும் என்பதையும், முக்கியமாக யாரைச் செய்ய வேண்டும் என்பதையும் அதுவே சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு முகம் இருந்தால் குறி தவறும். அதனால் ஆறு முகத்தை அழித்துவிட்டார்கள்.

நம்பிக்கையான முடிவு இருந்தால் என்ன தப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். படம் வந்து இரண்டு வருஷம் ஆவதற்குள், 1956 அக்டோபரில் ஹங்கேரியில் மக்கள் எழுந்தார்கள். ஜான் ஹாலஸ் பிறந்த புடாபெஸ்டில், ஏறக்குறைய படத்தில் வருகிற மாதிரியே. நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் நகருக்குள் வந்தன. மேற்கிலிருந்து படை எதுவும் வரவில்லை. எழுச்சியை வானொலியில் ஊக்கப்படுத்திய அரசாங்கங்கள் அந்த வாரம் வேறு வேலையில் இருந்தன: சூயஸ் கால்வாய்க்காக எகிப்து மீது பிரிட்டன் படையெடுத்திருந்தது, அமெரிக்கா அதை எதிர்த்துக்கொண்டிருந்தது. மேசையில் இரண்டு இஸ்பேட் ஆஸ். ஆர்வெல்லின் முடிவு சோர்வானது என்று சொல்லி மாற்றினார்கள். உண்மையில் நடந்ததற்கு அவருடைய முடிவுதான் பக்கத்தில் இருந்தது.

இது ஒரு படத்தோடு முடிந்த கதையும் இல்லை. 1953இல் லண்டனிலிருந்து வரத் தொடங்கிய 'என்கவுண்டர்' இலக்கிய இதழ் இரண்டு நாட்டு உளவுத் துறைகளும் பேசி வைத்துத் தொடங்கியது. பத்திரிகைச் செலவு சிஐஏவுடையது. கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டரின் சம்பளம் பிரிட்டிஷ் தரப்புடையது. 1967இல் குட்டு முழுசாக உடைந்தபோது ஸ்பெண்டர் விலகினார். அந்த இதழில் வந்த இலக்கியக் கட்டுரைகளில் பல அருமையானவை. ஆனால் 1958இல் ட்வைட் மெக்டொனால்ட் அமெரிக்க வாழ்க்கையைக் கடுமையாக விமர்சித்து எழுதிய கட்டுரையை மட்டும் அது போடவில்லை. இங்கேயும் எந்தப் பாதி காணாமல் போனது என்று பாருங்கள்.

வசதியில்லாத ஆர்வெல்

இத்தனையும் சொன்ன பிறகு ஆர்வெல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போக முடியாது. 1949இல் காசநோயோடு மருத்துவமனையில் கிடந்தபோது, தகவல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த தோழி சீலியா கிர்வான் அவரைப் பார்க்க வந்தார். ஆர்வெல் அந்தத் துறையின் நோக்கத்தை ஆதரித்தார். பிறகு 38 பேர் கொண்ட ஒரு பட்டியலையும் அனுப்பினார். அரசாங்கத்துக்காக எழுத இவர்களை நம்ப வேண்டாம் என்று. பட்டியலில் பீட்டர் ஸ்மாலெட்டின் பெயரும் உண்டு.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? சாகக் கிடந்த மனிதரின் பலவீனம் என்று சிலர் சொல்கிறார்கள். கறுப்புப் பட்டியலே இல்லை, யோசனைதான் என்று சிலர். எனக்கு இரண்டும் பத்தவில்லை. ஒரு எழுத்தாளர் ரகசியத் துறைக்குச் சக எழுத்தாளர்களின் பெயரை எழுதிக் கொடுப்பது தவறு, எந்தக் காலத்திலும். அந்தப் பட்டியலை எழுதிய நேரத்தில் ஆர்வெலும் மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருஷம் முன்பு அவர் எழுதிய காட்சி மட்டும் ஜன்னலுக்கு வெளியிலேயே நிற்கிறது. ஆசிரியரைவிட அவருடைய கடைசிப் பக்கம் நேர்மையானது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

தமிழில் க.நா.சு. மொழிபெயர்ப்பில் இந்த நாவல் பல வருஷமாகப் புழங்குகிறது. இன்றைக்கு இணையத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே குரல்தான். இடதுசாரி யார் எது பேசினாலும் ஒரு பன்றிப் படத்தைப் போட்டு முடித்துவிடுகிறவர்கள் ஒரு பக்கம். 'அது சிஐஏ புத்தகம்ங்க' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் சண்டை போடுவது போலத் தெரியும். உண்மையில் இருவர் கையிலும் இருப்பது 1954இன் படம்தான். மனிதர்கள் இல்லாத மேசையைத்தான் முதலாமவர் கொண்டாடுகிறார், இரண்டாமவர் வெறுக்கிறார்.

சிஐஏ பயன்படுத்தியது என்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படியே பயன்படுத்த முடியவில்லை, வெட்ட வேண்டியிருந்தது என்பதும் அதே அளவு உண்மை. ஒரு நூலை எந்த அதிகாரம் தூக்கிப் பிடித்தது என்று கேட்பதோடு நிறுத்தாமல், தூக்குவதற்கு முன் எதை வெட்டியது என்றும் விமர்சனம் கேட்க வேண்டும். அந்த வெட்டுப்பட்ட இடத்தில்தான் நூல் இன்னும் யாருக்கும் சொந்தமாகாமல் இருக்கிறது.

படம் இணையத்தில் கிடைக்கிறது. ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பார்த்துவிட்டு நாவலின் கடைசி அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் படியுங்கள். மேசையைச் சுற்றி யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.